கயிற்றின் பெயர் கொண்ட மருந்து

ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்றுண்டு. பூட்டிய அறையின் கதவு உடைக்கப்படுகிறது. தரையில் ஒருவன் மாண்டு கிடக்கிறான். உள்ளே நுழையும் துப்பறிவாளர் முகர்ந்து பார்த்து, அறையில் கார்டைட்டின் நெடி இன்னும் நீங்கவில்லை என்கிறார். அத்தகைய கதைகளைத் தமிழாக்குவோர் இவ்விடத்தில் சற்றே தயங்குவர். சிலர் ‘வெடிமருந்து நெடி’ என எழுதிக் கடந்து செல்வர். சிலர் ‘கார்டைட்’ என்றே எழுதிவிடுவர். ஐயம் தீர அகராதியைப் புரட்டும் மாணவனுக்குப் ‘புகையற்ற வெடிமருந்து வகை’ என்பது போன்ற ஒரு விளக்கம் கிடைக்கும். அவ்விளக்கம் தவறன்று. ஆயினும், ஆளைப் பற்றிக் கேட்டவனுக்கு அவன் தொழிலை மட்டும் சொல்லி அனுப்புவது போன்றதே அது. இச்சொல்லுக்கு ஊர் உண்டு, பிறந்த ஆண்டு உண்டு, பெற்றோர் உண்டு. பெற்றோர் யார் என்பதில் ஒரு பெரிய வழக்கும் உண்டு.

சொல்லின் உடல் எளியது. ‘கார்டு’ என்றால் கயிறு. ‘ஐட்’ என்பது ஈறு. கயிற்றைப் போன்ற பொருள் என்பதே நேர்ப்பொருள். ‘கார்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அங்கே ‘கோர்டே’ என்பது விலங்கின் குடலைக் குறித்தது. குடலை உலர்த்தி முறுக்கி யாழ் போன்ற கருவிகளுக்குக் கட்டியமையால், இசைக்கருவியின் நரம்புக்கும் அதுவே பெயராயிற்று. தமிழரும் யாழின் தந்தியை நரம்பு என்றே வழங்கினர் என்பதை நினைக்கும்போது, தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பளிக்கிறது. அந்த வேரிலிருந்தே வடிவியலில் வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் ஆங்கிலப் பெயரும் வந்தது. அதனைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘நாண்’ என்கின்றன. வில்லின் நாண், வட்டத்தின் நாண், யாழின் நரம்பு, துப்பாக்கியின் கார்டைட் ஆகியவை ஒரு வகையில் உறவினர் என்று சொன்னால் மாணவர் நம்ப மறுப்பர். எனினும் உண்மை அதுவே.

‘ஐட்’ என்னும் ஈறும் கிரேக்க மரபினதே. முதலில் கற்களுக்கும் கனிமங்களுக்கும் பெயரிட உதவிய இவ்வீறு, 1867இல் ஆல்பிரெட் நோபல் தம் கண்டுபிடிப்புக்கு டைனமைட் எனப் பெயரிட்டபின் வெடிபொருள்களுக்கு உரியதாயிற்று. ஆற்றல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து டைனமைட் பிறந்தது. பண்டைக் கல்லெறி பொறியின் பெயரிலிருந்து பாலிஸ்டைட் பிறந்தது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள லிட் என்னும் சிற்றூரின் பெயர் லிட்டைட் எனக் குண்டுகளுக்குள் புகுந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் கார்டைட் என்பது மிக அடக்கமான பெயர். அது ஆற்றலைச் சொல்லவில்லை, எறிதலைச் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டும் சொல்லிவிட்டு வாய் மூடிக்கொள்கிறது. அந்த அடக்கத்தின் பின்னே வேறொரு காரணமும் இருந்தது.

அதனை அறியப் புகையிலிருந்து தொடங்க வேண்டும். பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிகளுக்கு உணவாக இருந்தது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த இம்மருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக எஞ்சும். அதுவே வெண்புகையாகக் களத்தை மூடும்; குழாயில் கசடாகப் படியும். நான்கைந்து முறை ஒரு படையணி சுட்டால் எதிரே நிற்பவன் பகைவனா மரமா என்று தெரியாது. சுட்டவன் எங்கே இருக்கிறான் என்பதோ உலகுக்கே தெரியும்.

புகையை நீக்கும் வழியைப் பஞ்சு காட்டிற்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்து, அது சுடரிட்டு எரிவதை 1846இல் உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டே இத்தாலியின் டூரின் நகரில் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உண்டாக்கினார். வெடிபஞ்சு அளவுக்கு மீறி விரைந்து எரிந்து துப்பாக்கியையே பிளந்தது. அதனைக் கரைப்பானில் ஊறவைத்துப் பசையாக்கி அடக்கியவர் பிரான்சு நாட்டின் வியேய். 1884இல் அவர் உருவாக்கிய புகையில்லா மருந்தைப் பிரெஞ்சுப் படை 1886ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் பயன்படுத்திற்று. ஐரோப்பிய அரசுகள் திடுக்கிட்டன. 1887இல் நோபல், நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சின் ஒரு வகையையும் கற்பூரம் சேர்த்துப் பிசைந்து பாலிஸ்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

பிரிட்டிஷ் அரசு 1888இல் வெடிபொருட் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் சர் பிரெடெரிக் ஏபல். வெடிபஞ்சைக் கூழாக்கிக் கழுவித் தூய்மை செய்து, அது தானே வெடிக்காமல் இருக்க வழி கண்டவர் அவர். அவருடன் இருந்தவர் பேராசிரியர் ஜேம்ஸ் டியூவர். இன்று வீடுதோறும் தேநீரைச் சூடாக வைத்திருக்கும் வெற்றிடக் குடுவை பின்னாளில் அவர் செய்ததே. நோபல் இவர்களை நண்பர்களாகக் கருதினார். தம் மருந்தைப் பற்றிய செய்திகளை நம்பிக்கையோடு பகிர்ந்துகொண்டார். பாலிஸ்டைட்டிலுள்ள கற்பூரம் நாளடைவில் ஆவியாகிவிடுகிறது என்று குழு குறை கூறியது, குறையும் உண்மையானதே. பின்னர் 1889இல் ஏபலும் டியூவரும் தாமே ஒரு மருந்துக்கு உரிமை பெற்றனர். நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசிலின். அசிட்டோன் என்னும் கரைப்பானில் இவற்றைக் குழைத்து, இடியப்ப உரலில் மாவைப் பிழிவது போலத் துளைகள் வழியே பிழிந்து, உலர்த்தினர். வந்தது பழுப்பு நிறக் கயிறு.

அக்கயிற்றுக்கு முதலில் வழங்கிய பெயர்கள் இரண்டு. ஒன்று ‘கயிற்று மருந்து’ என்பது. மற்றொன்று ‘பாலிஸ்டைட்டில் குழு செய்த திருத்தம்’ என்னும் நீண்ட தொடர். விரைவிலேயே இரண்டும் மறைந்து ‘கார்டைட்’ என்னும் ஒரு சொல் நிலைத்தது. வாய்க்கு எளிதான சொல் வெல்வது மொழியின் இயல்பு என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும், நீண்ட பெயரில் நோபலின் மருந்து இருந்தது. திருத்தியவர்கள் திருத்தியவர்களாகவே இருந்தனர். குறுகிய பெயரிலோ கயிறு மட்டுமே மிஞ்சிற்று. மூலவரின் பெயர் நீங்கியதை அந்த அடக்கமான சொல் எவ்வளவு அழகாக மறைத்துவிட்டது!

நோபல் வழக்குத் தொடுத்தார். 1894இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்; 1895இல் பிரபுக்கள் சபையிலும் தோற்றார். வழக்கு முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றியே சுழன்றது. நோபல் தம் உரிமை ஆவணத்தில் வெடிபஞ்சைக் குறிக்கும்போது, நன்கறிந்த ‘கரையும்’ வகையைச் சேர்ந்தது என எழுதியிருந்தார். ஈதரும் சாராயமும் கலந்த நீர்மத்தில் கரையும் வகை ஒன்று. கரையாத வகை மற்றொன்று. ஏபலும் டியூவரும் கரையாத வகையை எடுத்து அசிட்டோனில் கரைத்தனர். அறிவியல் நோக்கில் வேறுபாடு சிறிதே. சட்டத்தின் நோக்கில் அதுவே எல்லாம். தாமே இட்ட வேலிக்கு வெளியே நோபல் உரிமை கோர இயலாது என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டு நீதிபதிகளுள் ஒருவரான கே, பேருருவன் ஒருவனின் முதுகில் ஏறிய குள்ளன் அவனைவிடத் தொலைவு காண்பான் என்னும் உவமையைச் சொல்லி நோபலுக்கு இரங்கினார். இரக்கம் தீர்ப்பை மாற்றவில்லை. நோபல் ‘காப்புரிமைக் கிருமி’ என்று ஓர் அங்கத நாடகம் எழுதி மனத்தை ஆற்றிக்கொண்டார். அடைமொழி ஒன்றைத் தேவையின்றிச் சேர்த்தால் என்ன நேரும் என்று மாணவர்க்குச் சொல்ல இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

மருந்தின் பெயர் வெறும் தோற்றத்தைச் சொல்கிறது என்று மேலே கூறப்பட்டது. ஆழ்ந்து பார்த்தால் அத்தோற்றத்திலேயே அதன் தொழில் அடங்கியிருக்கிறது. துப்பாக்கிக்கு வேண்டுவது வெடிப்பு அன்று, உந்துதல். ஒரே நொடியில் வெடித்துவிட்டால் குழாய் சிதறும். குண்டு குழாயின் கடைவாய் வரை செல்லும்வரை வளி பின்னின்று தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும். கார்டைட் தன் மேற்பரப்பில் மட்டுமே எரியும். தோல் உரிவது போல அடுக்கடுக்காகக் கரையும். எனவே கயிறு மெல்லியதாயின் விரைவில் முடியும். பருத்ததாயின் நெடுநேரம் நீடிக்கும். கயிற்றின் பருமனே மருந்தின் வேகத்தை ஆளுகிறது. 303 துப்பாக்கியின் ஒரு தோட்டாவுக்குள் நூலிழை போன்ற கயிறுகள் ஏறத்தாழ அறுபது கட்டாக இருந்தன. போர்க்கப்பலின் 15 அங்குலப் பீரங்கிக்கோ விரலளவு பருத்த கோல்கள் வேண்டும். ஒரு முறை சுட 428 இராத்தல். அவற்றைப் பட்டுப் பைகளில் கட்டினர், பட்டு கனன்று கொண்டிராமல் முற்றும் எரிந்துவிடும் என்பதால். திறந்த வெளியில் ஒரு கயிற்றைக் கொளுத்தினால் அது வெடிப்பதில்லை. பளிச்சென்று எரிந்து போகும். அம்பை நாண் தள்ளுவது போலக் குண்டைக் கார்டைட் தள்ளுகிறது. பெயர் வைத்தவர்கள் வில்லை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ‘நாண்மருந்து’ என்று தமிழில் ஒருவர் எழுதினால், ‘புகையற்ற வெடிமருந்து’ என்பதைவிட அது மெய்க்கு அருகில் நிற்கும்.

‘வெடி’ என்பதில்தான் குறை. ‘மருந்து’ என்பதில் இல்லை. நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குவது பிறமொழியாளருக்கு விந்தையாகத் தோன்றும். கார்டைட்டின் வரலாறோ அதற்குச் சான்று பகர்கிறது. நைட்ரோகிளிசரின் தோல் வழியே உடலில் புகுந்து இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனைக் கையாண்ட தொழிலாளர்க்குத் தாங்கவொண்ணாத தலைவலி வரும். சில நாளில் உடல் பழகிவிடும். ஓய்வுநாள் கழித்துத் திங்கட்கிழமை வந்தால் வலி மறுபடி தொடங்கும். தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் வீரர் சிலர் தோட்டாவை உடைத்துக் கார்டைட்டை மென்று அதன் மயக்கத்தை நாடினர் என மருத்துவர் பதிவு செய்துள்ளனர். அதே பொருளைச் சிறிதளவில் கொடுத்து மார்வலியைத் தணிக்கலாம் என 1879இல் லண்டன் மருத்துவர் முரெல் எழுதினார். 1896இல், தம் வாழ்வின் இறுதி மாதங்களில், இதய நோயுற்ற நோபலுக்கே மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். மருந்துக் கடைக்காரரும் மக்களும் அஞ்சாதிருக்க அதற்கு டிரினிட்ரின் எனப் பெயர் மாற்றியிருப்பதை அவர் ஒரு கடிதத்தில் கசப்போடு குறித்தார். அவருடைய மருந்து, பெயர் மாறி அவரிடமே திரும்பி வந்தது.

வாசிலின் சேர்த்த கதையும் சுவையானது. குழாயின் உட்புறத்தை வழுவழுப்பாக்கவே அதனைச் சேர்த்தனர். அதற்கு அது பெரிதாக உதவவில்லை; மருந்து நாளடைவில் சிதையாமல் காக்கும் பணியையே அது செய்தது எனப் பின்னர் தெரிந்தது. முதற் கலவையின் வெப்பம் குழாயை அரித்ததால், 1901 அளவில் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆக உயர்த்தித் திருத்திய கார்டைட்டை உண்டாக்கினர்.

முதல் உலகப் போரில் இக்கயிறு ஒரு நாட்டின் மூச்சாயிற்று. 1915இல் குண்டுகள் போதவில்லை என்று லண்டனில் அமைச்சரவையே ஆட்டம் கண்டது. கார்டைட் பிழிய அசிட்டோன் வேண்டும். மரத்தை வடித்து அதனை எடுக்கும் பழைய முறை ஈடுகொடுக்கவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வைஸ்மன் என்னும் வேதியியலார், பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர், மக்காச்சோள மாவை ஒருவகை நுண்ணுயிரால் புளிக்கவைத்து அசிட்டோன் எடுத்தார். 1917இல் நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தபோது சோளமும் அருமையாயிற்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அரசு பள்ளிகளை நாடியது. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் உதிரும் குதிரைக் கொட்டைகளைச் சேகரித்துத் தருமாறு மாணவர்க்கு அழைப்பு விடுக்கப்பட்டது. நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதி விளையாட அச்சிறுவர்கள் ஆண்டுதோறும் பொறுக்கும் கொட்டைகள் அவை.

எதற்கு என்று எவரும் சொல்லவில்லை; போர்க்கால இரகசியம். ஆசிரியர்கள் வகுப்பை விட்டுப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்றனர். பைகளிலும் தொப்பிகளிலும் கொட்டை குவிந்தது. ஏறத்தாழ 3,000 டன் கிங்ஸ் லின் ஆலைக்குச் சென்றது. ஏற்றிச் செல்ல வண்டியின்றி இருப்புப்பாதை நிலையங்களிலேயே அழுகிப் போனதும் ஏராளம். அக்கொட்டை அசிட்டோனுக்கு ஏற்ற பொருளாகவும் அமையவில்லை. சில மாதங்களில் முயற்சி கைவிடப்பட்டது. அந்தப் பிள்ளைகளுள் பலருக்குத் தாம் பொறுக்கியது தந்தையின் துப்பாக்கிக்கு என்பது வளர்ந்த பின்னரே தெரிந்திருக்கும். காரணம் சொல்லாமல் குழந்தைகளின் கைகளை வாங்கிக்கொள்வது போரின் கொடுமைகளுள் சிறியதாகத் தோன்றலாம். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு அது சிறியதாகத் தோன்றுவதில்லை.

தாய்மாரும் தமக்கையரும் வேறிடத்தில் இருந்தனர். ஸ்காட்லாந்து எல்லையில், கிரெட்னாவில், ஒன்பது மைல் நீளத்துக்குப் பரந்த ஆலை ஒன்று 1916இல் கார்டைட் செய்யத் தொடங்கிற்று. அங்கே பணியாற்றிய பெண்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர். வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் தொட்டிகளில் கையாலேயே பிசைந்தனர். அதனைக் கண்ட எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், ‘சாத்தானின் கூழ்’ என்று பெயரிட்டார். அரசு வைத்த பெயர் கயிற்றைச் சொல்லிற்று. இவர் வைத்த பெயர் பிசையும் கைகளைச் சொல்லிற்று.

சாத்தானின் பெயர் பொருந்தும் என்பதை 1916 மே 31 அன்று ஜட்லாந்துக் கடற்போர் காட்டியது. பிரிட்டனின் இன்டிஃபேட்டிகபிள், குயீன் மேரி, இன்வின்சிபிள் என்னும் மூன்று பெருங்கப்பல்கள் வெடித்துச் சிதறின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரைந்து சுட வேண்டும் என்பதற்காகத் தீத்தடுப்புக் கதவுகளைத் திறந்து வைத்துக் கார்டைட் பைகளை வழியெங்கும் குவித்திருந்தமை பெருங்காரணம் என்பர். திறந்த வெளியில் எரிந்தடங்கும் பொருள், அடைத்த அறையில் பெருங்குவியலாகப் பற்றினால் கப்பலையே பிளந்துவிடும்.

சிங்கப்பூருக்கும் இக்கயிறு வந்தது. சாங்கியில் இருந்த ஜோகூர் பீரங்கித் தளத்தின் மூன்று 15 அங்குலப் பீரங்கிகள் கார்டைட்டையே உண்டன. 1942 பிப்ரவரியில் சரணடைவதற்கு முன் பிரிட்டிஷார் தாமே அவற்றை அழித்தனர். 1991இல் மண்ணுக்கடியில் மருந்தும் குண்டும் வைத்திருந்த சுரங்க அறைகள் மீண்டும் கண்டறியப்பட்டன. இப்போது அவ்விடத்தில் பீரங்கியின் மாதிரி ஒன்று நிற்கிறது.

தமிழகத்துக்கு இச்சொல் மலையேறி வந்தது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே, அருவங்காட்டில், 1903இல் பிரிட்டிஷ் அரசு கார்டைட் தொழிற்சாலையை நிறுவியது. மலை இரயில் அப்போது குன்னூரோடு நின்றிருந்தது; 1908இல்தான் அருவங்காடு வழியே உதகைக்கு ஏறிற்று. ஆலைக்கு மின்சாரம் அருகிலுள்ள காட்டேரி அருவியிலிருந்து கிடைத்தது. காட்டேரி என்றால் ஊர்ப்புறத்தில் குழந்தைகள் அஞ்சும் பெயர். அப்பெயருடைய நீர்வீழ்ச்சி துப்பாக்கி மருந்தைப் பிசையும் பொறிகளைச் சுழற்றியது என்பதைக் கதையில் எழுதினால் மிகை என்பர். அந்த ஆலையைச் சுற்றி வாழ்ந்த தமிழர்க்குக் கார்டைட் என்பது துப்பறியும் கதையின் நெடியன்று. தலைமுறை தலைமுறையாக வீட்டில் அடுப்பெரிய வைத்த சொல்.

கதைகளில் வரும் நெடியும் பெரும்பாலும் பொய்யே. அமெரிக்கக் காவலர் துப்பாக்கிகளில் கார்டைட் இருந்ததில்லை. பிரிட்டனிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது படிப்படியாக ஒதுக்கப்பட்டு, சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும் நியூயார்க்கில் நேற்று நடந்ததாக எழுதப்படும் கொலையிலும் அந்த நெடி வீசிக்கொண்டிருக்கிறது. தமிழாக்குவோர் இனி அவ்விடத்தில் தயங்கினால், ‘சுட்ட மருந்தின் நெடி’ என்று எழுதிவிடலாம். மூலத்தைவிட அது சரியாக இருக்கும். அருவங்காட்டு ஆலை 2021 அக்டோபரில் அரசின் புதிய நிறுவனம் ஒன்றின் கீழ் மாற்றப்பட்டது. பெயரில் மட்டும் கார்டைட் அப்படியே இருக்கிறது.